பின்னால் உட்காருபவரின் எடை

வண்டிக்கு எதை மாட்டப் போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். சீட் கவர் என்றாலும் சரி, ஹாலஜன் பல்பு என்றாலும் சரி, கைப்பிடிக்கு வெறும் ரப்பர் உறை என்றாலும் சரி, கையிலிருக்கும் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்.

"பின்னாடி யாரு குந்துவாங்க?"

இருபது வருடத்துக்கு மேலான பழக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒருமுறை தவிர நான் நேராகப் பதில் சொன்னதில்லை. அவர் பெயரையும் கேட்டுக்கொண்டதில்லை. கடைப் பலகையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் படம்தான் இருந்தது. விழுப்புரத்திலும் சரி, பிறகு திண்டிவனத்திலும் சரி, எல்லோருக்கும் அவர் லைட்டுக்காரர்.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் நான்கைந்து சாக்பீஸ் துண்டுகளும் ஒரு சின்ன சிவப்பு நகப்பூச்சு பாட்டிலும் எப்போதும் இருக்கும். ஒயர் மேல் உறையைப் பல்லால் கடித்துத்தான் உரிப்பார். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒயர் பருமனுக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது. இவ்வளவு பேர் வண்டியைக் கையால் தொடுகிறவர் தான் வந்துபோவதற்கு வைத்திருந்தது ஒரு பழைய சைக்கிள். மோட்டார் சைக்கிளை அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ஆண் பிள்ளை, நகப்பூச்சு வைத்துக்கொண்டு திரிகிறான், வண்டிக் கடை வைத்திருக்கிறான், வண்டி ஓட்ட மாட்டேன் என்கிறான். என் மனம் இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கிற மனம். அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் மனுக்களில் என்ன மறைத்திருக்கிறார்கள் என்று தேடித் தேடி அப்படிப் பழகிவிட்டது.

முதலில் அவரிடம் போனது தொண்ணூற்று மூன்றில். எனக்கு விழுப்புரத்தில் எழுத்தர் வேலை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோலியனூரில் ஒருவரிடமிருந்து பழைய நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது. சீட் மட்டும் பலகை மாதிரி இருந்தது. ஹெட்லைட் அகல் விளக்குபோல எரிந்தது.

"பின் சீட்டுக்கு மட்டும் ஸ்பாஞ்சு கொஞ்சம் கூடப் போடணும். அப்படியே லைட்டும் மாத்தணும்" என்றேன்.

"பின்னாடி யாரு குந்துவாங்க?"

"யாரும் இல்ல. நான் ஆபீஸ் போற வண்டி."

"யாரும் குந்தாத சீட்டுக்கு ஸ்பாஞ்சு இன்னாத்துக்கு சார்?"

அவர் பின் சீட்டை முஷ்டியால் இரண்டு மூன்று இடத்தில் அமுக்கிப் பார்த்தார்.

"வீட்டம்மா எத்தன கிலோ இருப்பாங்க?"

"யோவ், இன்னா கேள்வி கேக்கற நீ?"

"கோச்சிக்காதீங்க சார். பேரு வேணாம், எடை போதும். அஞ்சு மூட்டையா, ஆறு மூட்டையா?"

கடையின் ஓரத்தில் மணல் நிரப்பித் தைத்த சின்னச் சின்ன சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்று பத்து கிலோ. பின்னால் உட்காருகிறவர் வர முடியாவிட்டால் அவர் எடைக்கு மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கி டியூப் கயிற்றால் கட்டிவிடுவார். முன்னால் உரிமையாளர் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் லைட்டின் உயரத்தைத் திருகுவார். "பின்னாடி பாரம் ஏறினா முன்னாடி மூக்கு தூக்கிக்கும் சார். லைட்டு ரோட்ட வுட்டுட்டு மரத்துல போய் அடிக்கும். தனியா குந்தி அட்ஜஸ் பண்ண லைட்டு தனியா போறவனுக்குத்தான்." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கென்னவோ இது பிறத்தியார் வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிக்க ஒருவன் கண்டுபிடித்த காரணம் என்றுதான் பட்டது.

நான் வாயைத் திறக்காததால் அவரே ஐந்து மூட்டைகளை வைத்தார். வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"மாசமா இருக்காங்களா சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. என் அம்மாவுக்குக்கூட நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. பின்னாடிக்கு மட்டும் ஸ்பாஞ்சு கேட்டீங்க. கேட்டதுக்குக் கோச்சிக்கினீங்க. வேற இன்னா இருக்கும்?" என்று ஆறாவது மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார். "ஒன்னு சேத்து வெக்கிறேன். ஏறுவாங்க இல்ல, போகப் போக."

லைட்டைத் திருகி முடித்ததும் அந்தத் திருகின் தலையில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தார். அதிர்வில் திருகு கழலாமல் இருக்க என்றார். வேறு யாராவது தொட்டால் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். பிந்தைய காரணம்தான் உண்மையானது என்று அன்றைக்கே எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஸ்டெல்லா புது சீட்டைத் தடவிப் பார்த்தாள். "மெத்து மெத்துன்னு இருக்குதே. கடைக்காரர் இன்னா கேட்டாரு?"

"ஒன்னும் கேக்கல" என்றேன்.

அவர் கடையை மாலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிடுவார். 'லைட்டு டைம்' என்பார். எதிரே ஒரு கிடங்கின் நீளமான வெள்ளைச் சுவர். சுவருக்குப் பத்தடி தள்ளி வண்டிகள் வரிசையாக நிற்கும். போட்டோ ஸ்டுடியோவுக்கு வருகிற மாதிரி குடும்பம் குடும்பமாக வருவார்கள். பூ வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பவுடர் அடித்துக்கொண்டு. கணவன் முன்னால், மனைவி பின்னால் ஒருக்களித்து, கைக்குழந்தை மடியில், மூத்தது பெட்ரோல் டேங்க் மேல். ஓடாத வண்டியில் நான்கு பேரும் ஏறி உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் லைட்டைப் போட்டு, சுவரில் வெளிச்சம் விழுகிற விளிம்பில் சாக்பீஸால் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே வண்டி நம்பர். தனியாகப் போனால் ஒரு கோடு, ஆளோடு போனால் ஒரு கோடு.

"இறங்கவாண்ணா?" என்று ஒரு பெண் கேட்டால், "இரும்மா, மூச்ச இழுத்துப் புடிக்காத, வீட்ல இருக்கிற மாதிரியே குந்து" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. சாயங்காலமானால் ஊர்ப் பெண்களையெல்லாம் வரவழைத்து ஒவ்வொருத்தியின் எடையையும் கேட்டு வைத்துக்கொள்கிற ஒரு ஆளை ஏன் யாருமே தப்பாக நினைக்கவில்லை என்றுதான் யோசிப்பேன்.

அந்தச் சுவர்தான் எங்கள் தெருவில் வண்டி திருடுபோன சமயத்தில் ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டியை வாங்கி, அவரிடம் ஃபோக் லைட் மாட்டிக்கொண்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைக் காணோம். எனக்குத் தெரிந்த ஒரு ஏட்டையாவிடம் போய்ச் சொன்னேன். ஊரிலுள்ள வண்டி நம்பரெல்லாம் ஒருத்தன் சுவரில் எழுதி வைத்திருக்கிறான், யார் தனியாகப் போவார்கள், யார் ஆளோடு போவார்கள் என்றுகூடக் குறித்திருக்கிறான் என்றேன். எழுதிக் கொடுக்கவில்லை. சும்மா காதில் போட்டேன், அவ்வளவுதான்.

காலையில் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் சாயங்காலம்தான் விட்டார்கள். அன்றைக்கு லைட்டு டைம் நடக்கவில்லை. பூ வைத்து வந்தவர்களெல்லாம் திரும்பிப் போனார்களாம். காணாமல் போன வண்டி வேறு எங்கோ ஒரு சாராயக் கடை வாசலில் அநாதையாகக் கிடைத்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஏட்டையாவே சொன்னார்.

ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு பின் லைட் பல்பு போய்விட்டதால் போக வேண்டியதாயிற்று. எதுவும் நடக்காததுபோல பல்பை மாற்றினார். கிளம்பும்போது சுவரைக் காட்டினார்.

"உங்க வண்டி நம்பரும் செவுத்துல இருக்குது சார். அழிச்சிடவா?"

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கத்தாத மனிதன் எதையோ சேர்த்து வைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மகன் அருள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நாங்கள் திண்டிவனத்துக்குக் குடிவந்தோம். நான் மட்டும் ரயிலில் விழுப்புரம் போய் வந்தேன். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒருநாள் ரயிலடியிலிருந்து வருகிறேன், ஒரு கடைப் பலகையில் அதே மோட்டார் சைக்கிள் படம். உள்ளே அதே மணல் மூட்டைகள்.

"இங்க எங்க?" என்றேன்.

"அங்க எதிர் செவுத்த இடிச்சிட்டு காம்ப்ளெக்ஸ் கட்றாங்க சார். ஒரே பேஜாரு. வெள்ள செவுரு எதிர்ல இருக்கிற கடைய தேடி நாலு ஊரு அலஞ்சிட்டேன். ரோடும் மட்டமா இருக்கணும் இல்ல? இங்கதான் கெடச்சுது."

கடைக்காகச் சுவர் தேடுகிறவனைக் கேள்விப்பட்டதுண்டா? என்னைத் தேடி வந்திருக்கிறான் என்று நான் நினைத்தேன் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். நினைத்தேன்.

ஆனாலும் பையன்களை அவர் விரட்டுவதைப் பார்த்தால் எனக்கே சில சமயம் மனது இளகும். கல்லூரிப் பையன்கள் கண்ணைப் பறிக்கிற நீல லைட் கேட்டு வருவார்கள். "எதிர்ல வர்றவன் உனக்கு இன்னாடா பாவம் பண்ணான்?" என்பார். "காசு குடுக்கறோம்ணா, மாட்டித் தாங்கண்ணா" என்றால், "காசு எனக்குக் குடுப்ப. அவன் கண்ணுக்கு யாரு குடுப்பா?" பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியையும், புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் போடும் சாரி கார்டையும் அழகுக்காகக் கழற்றச் சொன்னாலும் அதே கதைதான். "உங்க அம்மா குந்தவே மாட்டாங்களா இதுல? எழுதிக் குடு, கழட்டறேன்." பையன்கள் முனகிக்கொண்டே வேறு கடைக்குப் போவார்கள்.

அருளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது வண்டி வாங்கிக் கொடுத்தேன். என் அலுவலக நண்பர் ஒருவரின் மகன் மூன்று பேராகப் போய் லாரியில் மோதி இறந்ததிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் தூக்கம் கிடையாது. ஒரே நிபந்தனைதான் போட்டேன். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. நண்பன், நண்பனின் தங்கை, வழியில் கை காட்டுகிறவர், யாராக இருந்தாலும்.

"சரிப்பா" என்றான். ஒரு வருடம் அதைக் காப்பாற்றியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து வண்டியைத் துடைக்கப் போனேன். பின் சீட் புதிது. முன் சீட் பழசு. பின் சீட்டுக்கு மட்டும் ஸ்பாஞ்சு. ஹெட்லைட்டும் மாற்றியிருந்தது, எல்.இ.டி. கீழே திருகின் தலையில் சிவப்பாக ஒரு சொட்டு.

"பின்னாடி யாருடா உட்காருறா?"

"யாரும் இல்லப்பா."

இருபது வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே சொல். குரல்கூட என்னுடையதுதான்.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராக அவர் கடைக்குப் போனேன். வாழ்நாளில் முதல்முறையாக அவர் கேள்வியை நான் அவரிடம் கேட்டேன்.

"என் பையன் வண்டியில பின்னாடி யாரு உட்காருறாங்க?"

ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தவர் அதை வாயிலிருந்து எடுத்தார். "பேரு தெரியாது சார்."

"பொம்பளையா?"

"நான் எடைதான் கேப்பன். உங்களுக்கே தெரியும்."

"சரி, எடை எவ்வளவு?"

"ஆறு மூட்ட."

"வந்து உட்கார்ந்து காட்டினாங்களா, நீயே மூட்டை வெச்சியா?"

"சார், தம்பி ஒன்னும் தப்பு பண்ணல. அந்த லைட்ட மட்டும் மாத்திடாதீங்க. ஆளோட போறதுக்கு வெச்சிருக்கேன்."

"யாருன்னு சொல்லு."

"அது நான் கேக்கற கேள்வி இல்ல சார்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனும் என் மகனும் சேர்ந்து எனக்கு எதையோ மறைக்கிறார்கள். அறுபது கிலோ. அந்த வாரம் முழுக்க பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பெண்களை மனதுக்குள் எடை போட்டேன். இவள் நாற்பத்தைந்துதான் இருப்பாள், இவள் ஐம்பது தேறுவாள். கல்லூரிக்குப் போகிற பெண்களில் அறுபது கிலோ யார்? இதை எழுதக் கூசுகிறது. இருந்தாலும் அப்படித்தான் பார்த்தேன். எந்த வேலைக்காக அவரைக் கேவலமாக நினைத்தேனோ, அதை அவரைவிடப் பல மடங்கு அசிங்கமாக நான் செய்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்து நானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். தனியாகத்தான். வெளிச்சம் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்து கிடந்தது. தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தனியாகப் போகிற பையனுக்குத் தனியாகப் போகிற வெளிச்சம்தான் வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திருகியபோது நகப்பூச்சு முட்டை ஓடு மாதிரி விரிசல்விட்டு உதிர்ந்தது. வெளிச்சம் மேலே ஏறிச் சுவரில் சரியாக நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த லைட்டுக்காரன் அடையாளத்தை உடைத்துவிட்டோம் என்ற திருப்தியும் அதில் இருந்தது. அருளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி இருக்கும். விழுப்புரம் ரயிலடியில் நின்றுகொண்டிருந்தேன். அருளின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் வேறு யாரோ.

"அலோ, இந்த போன் வெச்சிருக்கிற பையனுக்கு நீங்க யாரு சார்?"

"அப்பா. நீங்க யாரு?"

"பையன் வண்டியோட வுழுந்துட்டான் சார். கூட்டேரிப்பட்டுலருந்து உள்ள வர்ற ரோட்டுல. அவனுக்கு ஒன்னும் இல்ல, தோளுலதான் அடி. கூட வந்த அம்மாவுக்குத்தான் பலமா பட்டிருக்குது. ஜல்தி வாங்க."

"எந்த அம்மா?"

"எனக்கெப்படி சார் தெரியும்?"

"வயசு என்ன இருக்கும்?"

அவர் குரலைத் தணித்து, "சார், நீங்க மொதல்ல வாங்க சார்" என்றார்.

நான் பேருந்தில் போனது பயத்தோடு அல்ல. கோபத்தோடு. கண்டுபிடித்துவிட்டேன் என்ற கோபம். அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது, யார் வீட்டுப் பெண்ணோ, எந்தச் சாதியோ, எந்தக் கோயிலோ என்று கூட்டேரிப்பட்டு வரைக்கும் வாய்க்குள் பேசிக்கொண்டே போனேன். இறங்கி ஆட்டோ பிடித்து உள்ளே போனால் ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. அதன் பின்கதவுக்குக் கீழே, தார்ச் சாலையில், ஒற்றைச் செருப்பு. வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அறுந்த செருப்பை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிறாயே, புதிது வாங்கினால் என்ன என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டெல்லாவைத் திட்டியிருந்தேன்.

அந்த ஊர்ச் சாலையில் பகலில் கேப்பைக் கதிரைப் பரப்பிக் காயவைக்கிறார்கள். வண்டிகள் மேலே ஏறி மிதித்தால் தானியம் உதிரும் என்பதற்காகச் செய்வது. ஓரத்தில் வரிசையாகக் கற்களை வைத்துவிடுவார்கள். சாயங்காலம் தானியத்தை அள்ளிக்கொண்டு போனவர்கள் கற்களை எடுக்கவில்லை. மருத்துவமனையில் தோளில் கட்டோடு அருள் சொன்னான்: "லைட்டு மரத்துல அடிச்சிதுப்பா. ரோடே தெரியல. முந்தா நாள்கூட நல்லாத்தான் இருந்திச்சி. எப்படின்னே தெரியலப்பா."

அவன் தோள்கட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஸ்டெல்லாவின் தம்பி அந்த ஊரில்தான் இருக்கிறான். என் மாமியார் இறந்த வீட்டில் அவன் என்னை நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டான். இனி அவன் வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன். எட்டு வருடம் ஆயிற்று. அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். பத்தியச் சாப்பாடு சமைத்துத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, நான் ரயிலேறி வருவதற்குள் போய்த் திரும்பிவிடுவார்கள் அம்மாவும் பிள்ளையும். அந்தத் தூரத்துக்கு இடுப்பு வலிக்கிறது என்றுதான் அருள் பின் சீட்டுக்கு ஸ்பாஞ்சு போடப் போயிருக்கிறான். லைட்டுக்காரர் அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அவள் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எடையைச் சொல்லியிருக்கிறாள். போகும்போது, "எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா சொல்லிடாதீங்கண்ணா" என்றாளாம். "நான் உன் பேரே கேக்கலியேம்மா. எங்கருந்து சொல்றது?" என்றாராம் அவர்.

இடுப்பு எலும்பு முறிவு, தலையில் ரத்தக்கட்டு. பதினேழு நாள் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது நடக்கிறாள். வலதுகாலை இழுத்துத்தான் நடக்கிறாள். சில பெயர்கள் வாயில் வருவதற்கு நேரமாகிறது.

வண்டியைப் பழுது பார்த்துவிட்டார்கள். அருள் அதைத் தொட மாட்டேன் என்கிறான். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் ஸ்டெல்லா, "அவன் எப்படி இருக்கான்னு ஒரு வாட்டி பாத்துட்டு வரணும்ங்க" என்றாள். தம்பியின் பெயர் அவளுக்கு வரவில்லை. 'அவன்' என்றுதான் சொன்னாள். அன்று சாயங்காலமே வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னால், லைட்டுக்காக மட்டும் போகவில்லை. அந்த ஐந்து மாதமும் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. இவருக்குத் தெரிந்திருந்தது. அன்று என் முகத்துக்கு நேராக, சார் அது உங்க வீட்டம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திருகைத் தொட்டிருப்பேனா? ஏன் சொல்லவில்லை? போலீசுக்குப் போட்டுக் கொடுத்ததற்கு இருபது வருடம் கழித்து வாங்கிய பழியா? அந்த எண்ணத்தை இன்றும் நான் முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது.

அவர் குனிந்து ஹெட்லைட்டுக்குக் கீழே பார்த்தார். நகத்தால் திருகின் தலையைச் சுரண்டினார். மிச்சமிருந்த சிவப்புச் செதில் ஒன்று அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"யாரு தொட்டது?"

பழுது பார்த்த கடைக்காரன் என்று சொல்லியிருக்கலாம். சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"நான்தான்" என்றேன்.

அவர் அந்தச் செதிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நிமிரவே இல்லை. நான் கேட்டேன்: "அன்னிக்கு உங்களுக்குத் தெரியும்தான, அது என் வீட்டுக்காரம்மான்னு? ஏன் சொல்லல?"

அவரை நீங்கள் என்று சொன்னது அதுவே முதல்முறை. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"யாருன்னு கேட்டீங்க சார். யாருன்னு சொல்லாதன்னு அந்தம்மா கேட்டுக்கினாங்க. எப்படி குந்தியிருந்தாங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

"எப்படி?"

"மடியில தூக்குச் சட்டியோட. அதையும் சேத்துத்தான் ஆறு மூட்டன்னு சொன்னன்."

அடுத்த வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒரு பெண் பையனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து வண்டியைச் சுவருக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்தார்.

"வண்டி யாரு ஓட்டுவாங்க?"

"நான்."

"பின்னாடி யாரு குந்துவாங்க?"

"என் சம்சாரம்" என்றேன். "ஸ்டெல்லா."

"எத்தன?"

"முன்ன மாதிரி இல்ல. அம்பதுதான் இருக்கா இப்ப. அஞ்சு மூட்டை."

"குந்துங்க சார், முன்னாடி."

உட்கார்ந்து இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். எதிரே வெள்ளைச் சுவரில் பழைய கோடுகளும் நம்பர்களும் மங்கலாகத் தெரிந்தன. அவர் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி வந்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சீட் என் முதுகுக்குப் பின்னால் அமுங்குவது தெரிந்தது. ஐந்து எண்ணினேன். கயிறு கட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பவும் கடைக்குள் போய் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேலே வைத்தார்.

அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.